நாய்க்குட்டியின் வயதைக் கணக்கிடும் ஃபைல்

அந்த வீட்டின் முன்னறையில் கிடந்த மேசை முற்காலத்தில் கதவாக இருந்தது. கைப்பிடி இருந்த ஓட்டை வழியாக இப்போது கணினி ஒயர்கள் இறங்கின. மேசைக்கு ஒரு பக்கம் அண்ணி உட்காருவாள். எதிர்ப்பக்கம் அவளுடைய நாத்தனார், சின்னவள். அண்ணி என்பது சின்னவள் கூப்பிடுகிற முறைதான் என்றாலும், கேட்டுக் கேட்டுத் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்திருந்தது. காய்கறி வண்டிக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவருக்கும் அவள் அண்ணிதான்.

வெப்சைட்டுகளின் முகத்தைச் செய்வது இவர்கள் தொழில். தகவலெல்லாம் உள்ளே எங்கே தங்குகிறது, யார் காவல் காக்கிறார்கள் என்பது வேறு ஆட்களின் கவலை. தொட்டால் அமுங்கும் பட்டன், இழுத்தால் வரும் பட்டியல், தப்பாக நிரப்பினால் சிவக்கும் கட்டம், இவையெல்லாம் அண்ணியும் சின்னவளும் எழுதுவது. வாடிக்கையாளர்களில் பெரியவர் நாய் டாக்டர். அவரிடம் வருவதில் பாதி பூனை. ஆனாலும் போர்டில் நாய் படம் இருந்ததால் பெயர் அப்படி நிலைத்துவிட்டது. அவர் போனால் மற்ற வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு கதவை மேசையாக வைத்திருக்க முடியாது; தொழிலை மூடிவிட்டு, திரும்ப வீட்டுக்கே கதவாக மாட்டிவிடலாம்.

இருவருக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகும், ஃபோல்டர் விஷயம் தவிர.

அண்ணி வகைவாரிக் கட்சி. பட்டன்களெல்லாம் ஒரு ஃபோல்டரில். நிறம், அளவு சொல்லும் ஸ்டைல் ஃபைல்களெல்லாம் இன்னொன்றில். கூட்டல் கழித்தல் செய்கிற ஃபைல்களெல்லாம் கணக்குகள் என்ற ஃபோல்டரில். சமையலறையிலும் அதே சட்டம்தான். மூடிகளெல்லாம் மேல்தட்டில், பாத்திரங்களெல்லாம் கீழ்த்தட்டில். எந்த மூடி எந்தப் பாத்திரத்துக்கு என்பது சமைக்கும்போது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

சின்னவள் பக்கவாரிக் கட்சி. தடுப்பூசிப் பக்கம் என்றால் தடுப்பூசி என்று ஒரு ஃபோல்டர். அந்தப் பக்கத்தின் பட்டன், ஸ்டைல், கணக்கு எல்லாம் அதற்குள்ளேயே குடும்பமாக இருக்க வேண்டும். நாளைக்குத் தடுப்பூசிப் பக்கமே வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் ஒரே ஃபோல்டரைத் தூக்கி எறிந்துவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்பது அவள் வாதம். டாக்டர் அப்படிச் சொன்னதே இல்லை. அவர் சேர்க்கத்தான் சொல்வார்.

இரண்டு கட்சியிலும் சேராத ஃபைல்களுக்குப் பொது என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

வெப்சைட்டின் பழைய பாதியை அண்ணி தன் முறையில் கட்டியிருந்தாள். படிப்பு முடித்து வந்து சேர்ந்த சின்னவள் புதிய பாதியைத் தன் முறையில் கட்டினாள். பழைய பாதியில் ஏதாவது வேண்டுமென்றால் சின்னவள் எதிர்ப்பக்கம் பார்த்து, "அண்ணி, எங்க இருக்கு?" என்பாள். புதிய பாதி என்றால் அண்ணி கேட்பாள். தலையைத் தூக்காமலே பதில் வரும். வெப்சைட் நடந்ததற்குக் காரணம் மேசை அகலம் குறைவாக இருந்ததுதான்.

பிறகு சின்னவளுக்கு வெளியூரில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயில்.

செய்தி வந்த அன்று அண்ணி, "ரொம்ப நல்லது" என்றாள். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவு பதமாகி வெகுநேரம் ஆன பிறகும் பிசைந்துகொண்டிருந்தாள்.

"போறதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டரையெல்லாம் ஒழுங்கு பண்ணிட்டுப் போ" என்றாள் கடைசியில்.

"ஒழுங்காத்தான அண்ணி இருக்கு."

"உன் பாதி ஒழுங்கா இருக்குன்னு சொல்றியா?"

"உங்க பாதியவிட ஒழுங்கா இருக்கு."

"ஒரு தேதிக் கட்டத்தோட நிறத்த மாத்தறதுக்கு உன் பாதில எத்தன வீடு ஏறி இறங்கணும் தெரியுமா? ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியா ஒரு தேதிக் கட்டம் வெச்சிருக்க."

"உங்க பாதில ஒரு பக்கத்த மாத்தணும்னா அஞ்சாறு ஃபோல்டரத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காரணும் அண்ணி. கல்யாண வீட்டுல செருப்புத் தேடற மாதிரி."

"தேடினா கெடைக்குதுல்ல."

"யாரோடதோ கெடைக்குது."

அதோடு பேச்சு நின்றது. அதாவது வேலையைப் பற்றிய பேச்சு. சாப்பிடு, குளி, குடை எடுத்துக்கோ, இவையெல்லாம் வழக்கம்போல நடந்தன. வேலை விஷயம் மட்டும் லிஃப்ட்காரர் வழியாகப் போய்வந்தது.

லிஃப்ட்காரர் என்பது அண்ணியின் கணவர், சின்னவளின் அண்ணன். ஊரில் நின்றுபோகும் லிஃப்டுகளை ஓட வைப்பது அவர் வேலை. மழைக்காலத்தில் லிஃப்டுகள் அதிகம் நிற்கும் என்பார். அந்த வாரம் விடாமல் மழை. எதிரே இருந்த துணி வெளுக்கும் கடையின் ஆவிக்குழாய் மழைக்குள் புகைவிட்டுக்கொண்டிருக்க, அவர் நனைந்து வந்து வாசற்படியில் காலணியைக் கழற்றும்போதே தூது ஆரம்பமாகிவிடும்.

"ஏங்க, உங்க தங்கச்சிகிட்டக் கேளுங்க. காலண்டர் எங்க இருக்குன்னு."

அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "சுவத்துல" என்றார்.

"ஃபைல் அண்ணா" என்றாள் சின்னவள், திரையைப் பார்த்தபடி. "முன்பதிவு ஃபோல்டருக்குள்ள இருக்குன்னு அண்ணிகிட்டச் சொல்லு."

"முன்பதிவு ஃபோல்டருக்குள்ள இருக்காம்."

"கேட்டுச்சு" என்றாள் அண்ணி.

"கேட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்று அவர் சமையலறைக்குப் போய் ஒரு மூடியை எடுத்து நான்கு பாத்திரங்களில் பொருத்திப் பார்த்தார்.

வியாழக்கிழமை நாய் டாக்டர் போன் செய்தார். திங்கட்கிழமை நாய்க்குட்டிகளுக்குத் தடுப்பூசி முகாம். வெப்சைட்டில் செல்லப்பிராணியின் வயது வருடத்தில் மட்டும் தெரிகிறது. குட்டிகளுக்கெல்லாம் வயது பூஜ்யம் என்று காட்டுகிறது.

"பொறக்காத நாய்க்கு ஊசி போடற மாதிரி இருக்கும்மா" என்றார். "வாரக் கணக்குல காட்டணும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேணும். அந்தச் சின்னப் பொண்ணு ஊருக்குப் போவுதாமே. இனிமே நீங்க தனியாப் பாத்துப்பீங்களா? இல்லன்னா சொல்லிருங்க. எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான்."

"பாத்துப்பேன் டாக்டர்" என்றாள் அண்ணி.

போனை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் கதவின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயதைக் கணக்கிடும் ஃபைல் பழைய பாதியில் இருந்தது. அது காட்டப்படும் பக்கம் புதிய பாதியில். இரண்டும் தெரிந்த ஆள் அந்த வீட்டில் யாரும் இல்லை. இருவராகச் சேர்ந்தால் ஒருவர்.

வெள்ளிக்கிழமை மதியம் சின்னவள் பெட்டி வாங்கக் கடைக்குப் போனாள். அண்ணி தன் கணினியைத் திறந்தாள். இவர்கள் ஆளுக்கொரு பிரதியில் வேலை செய்துவிட்டுப் பிறகு இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது வழக்கம். அண்ணி தன் பிரதியில், வெப்சைட் முழுவதையும் பிரித்து அடுக்க ஆரம்பித்தாள். தன் முறையில் அல்ல. சின்னவள் முறையில்.

ஃபைலை நகர்த்துவது லேசு. நகர்த்திய பின்புதான் வேலை. ஒரு ஃபைல் இன்னொன்றைக் கூப்பிடும்போது, தான் இருக்கும் இடத்திலிருந்து வழி சொல்லித்தான் கூப்பிடும்: இரண்டு படி மேலே ஏறு, பொதுவுக்குள் போ, அங்கே இருக்கிற பட்டனைக் கூட்டி வா. கூப்பிட்ட ஃபைல் வீடு மாறினால் அந்த வழி தப்பு. கூப்பிடப்பட்டது வீடு மாறினாலும் தப்பு. இதைத் தானாகத் திருத்தும் வசதி உண்டு. அண்ணிக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, படித்து, வழியைக் கையால் மாற்றினாள். பொதுவில் கிடந்ததையெல்லாம் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து அந்தந்தப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டாள். நடுவில் எழுந்து முட்டை அவித்தாள். அடுப்பை மறந்து வந்து உட்கார்ந்துவிட்டாள். அன்று இரவு மூன்று பேரும் கருஞ்சாம்பல் நிற மஞ்சள்கரு சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை காலை அண்ணி சந்தைக்குப் போன நேரத்தில் சின்னவள் தன் கணினியைத் திறந்தாள். வெப்சைட் முழுவதையும் வகைவாரியாக, அண்ணி முறையில், அடுக்கினாள். அவளுக்குத் தானியங்கி வசதியின் மேல் நம்பிக்கை உண்டு. எந்த வகை எங்கே போக வேண்டும் என்று சின்னதாக ஒரு நிரல் எழுதிவிட்டாள். அது ஓடி முடிப்பதற்குள் பாதி ஆரஞ்சு உரித்திருந்தாள்.

அண்ணி சந்தையிலிருந்து வந்து பையை இறக்கியதும், "சேத்துரலாமா?" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு வேலையைப் பற்றி நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"சேக்கலாம் அண்ணி."

இருவர் முகத்திலும் ஒரு சின்னப் பெருந்தன்மை இருந்தது. லிஃப்ட்காரருக்கு அன்று விடுமுறை. சன்னலோரம் உட்கார்ந்து தன் சாவிக்கொத்தில் எந்தச் சாவி எதற்கு என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சேர்க்கச் சொல்லித் தட்டியதும் திரை முழுக்கச் சிவப்பு ஓடியது. நிற்கவில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும், இது இங்கே குடிபோய்விட்டது என்று ஒரு பிரதி சொன்னது. இல்லை, அங்கே போயிருக்கிறது என்று மற்றது சொன்னது. பழைய முகவரியில் எதுவும் இல்லை. கணினிக்குக் குடும்ப விவகாரத்தில் தலையிட விருப்பமில்லை. நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று நின்றுவிட்டது.

"என்னடி பண்ணி வெச்ச?" என்றாள் அண்ணி.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் எல்லாத்தையும் பக்கவாரியா மாத்தினேன்."

"எதுக்கு?"

"நீதான அதான் சரின்னு சொன்ன."

"நான் எல்லாத்தையும் வகைவாரியா மாத்திட்டேன் அண்ணி."

"எதுக்கு?"

"நீங்க அதான் சரின்னு சொன்னீங்க."

வெளுப்புக் கடைக்காரர் எதிரில் ஷட்டரைத் தூக்கினார். அந்தச் சத்தம் முடியும்வரை இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி விடு" என்றாள் அண்ணி. "என் பிரதியவே வெச்சுக்கலாம். உன் முறைதான் நல்லாருக்கு. செஞ்சு பாத்தப்பதான் புரிஞ்சுது."

"இல்லண்ணி. உங்க முறைதான் நல்லது. என்னோடத வெச்சுக்கலாம்."

"நான் சொல்றேன்ல, உன்னோடதுதான் சரி."

"உங்களோடதுதான் சரிங்கறேன். ஏன் பிடிவாதம் பிடிக்கறீங்க?"

"யாரு பிடிவாதம் பிடிக்கறா? நீ சொன்னத ஒத்துக்கிட்டா அதுக்கும் சண்டைக்கு வர்ற."

லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். "ரெண்டு வருஷமா நீங்க சொன்னதெல்லாம் இப்ப மாத்திச் சொல்றீங்களா, இல்ல நான் மாத்திக் கேட்டுட்டு இருக்கேனா?"

"நீங்க சாவியப் பாருங்க."

"லிஃப்ட்ல இந்த மாதிரி வந்தா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம்."

"அண்ணா, தயவுசெஞ்சு."

அவர் சாவிக்குத் திரும்பினார்.

அண்ணி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "இங்க பாரு. நீ அங்க போய் உக்காந்துருப்ப. இங்க ஏதாவது நின்னுபோனா நான் உனக்குப் போன் பண்ணுவேன். உனக்குத் தெரிஞ்ச எடத்துல இருந்தாத்தான நீ அங்கேருந்து சொல்ல முடியும்? அதுக்குத்தான் உன் முறையில வெச்சேன்."

சின்னவள் ஆரஞ்சுத் தோலைச் சின்னச் சின்னதாகக் கிள்ளினாள். "நான் உங்க முறையில வெச்சது, நீங்க யாரையும் கேக்காம நீங்களே எடுத்துக்கணும்னு."

"அப்ப நான் போன் பண்ணக் கூடாதுங்கற."

"அப்படிச் சொல்லல."

"அதான சொல்ற."

"அப்ப நீங்க, நான் போனப்புறமும் தனியா எதையும் பாக்க மாட்டேன்னு சொல்றீங்க. டாக்டர்கிட்ட பாத்துப்பேன்னு எதுக்குச் சொன்னீங்க?"

கேள்வி சரியான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. டாக்டருக்குத் தெரிந்த அந்தப் பையன் கதவின் மறுபக்கம் நின்றுகொண்டிருப்பது போல ஒரு தடவை மேசையைப் பார்த்தாள்.

"சரி, சண்ட வேண்டாம்" என்றாள் பிறகு. "வாரக் கணக்கு வேலைய இப்ப நானே செய்யறேன். நீ வாயத் தொறக்காத. எந்தப் பிரதில என்னால முடியுதோ, அத வெச்சுக்கலாம்."

"மொதல்ல என்னோடது."

"கொண்டா."

சின்னவளின் பிரதியைப் பெரிய திரையில் திறந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. எல்லாம் வகைவாரி, அண்ணி எழுதிய சட்டப்படி. அண்ணி நேராகக் கணக்குகள் ஃபோல்டருக்குப் போனாள். வயதைக் கணக்கிடும் ஃபைல் அங்கே இல்லை. மேலே கீழே பார்த்தாள். பொதுவில் பார்த்தாள்.

"வயசு எங்கடி?"

"தேதிகள் ஃபோல்டர்ல."

"வாயத் தொறக்காதன்னு சொன்னேன்."

"நீங்கதான கேட்டீங்க."

"வயசுங்கறது கணக்கு. அத எதுக்குத் தேதில வெச்ச?"

"பொறந்த தேதிலேருந்துதான அண்ணி வயசு வருது."

"நானா இருந்தா கணக்குலதான் வெச்சிருப்பேன்."

"நீங்க இல்லையே. என் நிரல் வெச்சுது."

அண்ணி மேலும் தேடினாள். எடையைக் காட்டும் கட்டம், படிவங்கள் என்ற ஃபோல்டரில் இருக்குமென்று நினைத்தாள். கட்டங்கள் என்ற ஃபோல்டரில் இருந்தது. ஒவ்வொன்றும் நியாயமான இடத்தில்தான் இருந்தது. எல்லாம் அடுத்தவர் நியாயம். தன் வீட்டிலேயே விருந்தாளியாக வந்து உப்பு எங்கே என்று கேட்பது போலிருந்தது அவளுக்கு.

"மூடு" என்றாள். "என்னோடதத் தொற."

அண்ணியின் பிரதி திறந்தது. பக்கவாரி. ஒழுங்கில் கொஞ்சம் மேடு பள்ளம். தடுப்பூசி ஃபோல்டருக்குள் குட்டி ஃபோல்டர், அதற்குள் இன்னொரு குட்டி. சின்னவள் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"வயசக் காட்டற எடம் எங்க அண்ணி? இங்க காணோமே. என் முறைப்படி இங்கதான..."

அண்ணி ஏற்கெனவே அதைத் திறந்திருந்தாள். திறந்த கையோடு வயதைக் கணக்கிடும் ஃபைலையும் பக்கத்தில் கொண்டு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு தன் காதைத் தொடுவது போல. நேற்று மதியம் அவள்தான் அதைக் கணக்குகள் ஃபோல்டரிலிருந்து தூக்கிவந்தாள். வரும் வழியில் அதைப் படித்தாள். அது யாரைக் கூப்பிடுகிறது, யார் அதைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொரு வழியாகக் கையால் திருத்தினாள். முட்டை கருகியது அந்த நேரத்தில்தான்.

ஒரு வயதுக்குக் குறைவாக இருந்தால் நாட்களை ஏழால் வகுத்து வாரமாகக் காட்டு. எழுதினாள். பக்கத்தில் போய் 'வாரம்' என்ற சொல்லைச் சேர்த்தாள். சோதனைக்கு ஒரு குட்டியைப் பதிவு செய்தாள். பூஜ்யம் இருந்த இடத்தில் 'ஒன்பது வாரம்' என்று வந்தது.

சின்னவள் நடுவில் இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் அவள் சொல்லவந்த இடத்துக்கு அண்ணி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தாள்.

"உன் முறையே வேற மாதிரி இருக்குடி, உள்ள போய்ப் பாத்தா" என்றாள் அண்ணி, தட்டிக்கொண்டே. "முன்பதிவு எப்படி ஓடுதுன்னு எனக்கு நேத்துவரைக்கும் தெரியாது. நீ சொல்ற எடத்தத் தொறந்து, நீ சொல்ற வரிய மாத்தி, மூடிருவேன்."

"என் முறை மாதிரியும் இல்லண்ணி இது. எனக்கே ஒண்ணும் கெடைக்கல."

"அப்படியா?" அண்ணி ஒரு நொடி நிறுத்தினாள். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இந்த அடுக்கல் சின்னவள் தொலைவிலிருந்து வழி சொல்வதற்காகச் செய்தது. இப்போது சின்னவளால் சொல்ல முடியாது. அண்ணி கேட்கவும் வேண்டியதில்லை. "அப்ப நீ போன்ல எதையும் சொல்ல முடியாதா?"

"முடியாது."

"ம்."

"இதையே வெச்சுக்குங்க அண்ணி."

"உன்னோடத என்ன பண்றது? அவ்வளவு பண்ணிருக்க."

"நான் எங்க பண்ணேன்? அது ஓடுச்சு, நான் பழம் தின்னேன்" என்றாள் சின்னவள். தன் கணினிக்கு எழுந்து போய்த் தன் பிரதியை அழித்தாள். உறுதியாகத்தான் அழிக்கிறீர்களா என்று கேட்டது. ஆம் என்றாள். இருந்த இடம் தெரியாமல் போனது. திரும்பி வந்து பெரிய திரை முன்னால், அண்ணிக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டையும் வெச்சிருந்தா என்ன?" என்றார் லிஃப்ட்காரர். "ஒண்ணு நின்னுபோனா இன்னொண்ணுல ஏறிக்கலாம்."

சின்னவள் அண்ணியின் பக்கம் திரும்பினாள். அவருக்கும் அது பழக்கம்தான்.

"அப்ப போன்ல என்னதான் பேசறது?" என்றாள் சின்னவள்.

"பேசறதுக்கு விஷயமா இல்ல? உங்க அண்ணனைப் பத்திப் பேசலாம்."

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார் அவர்.

"இருங்க. யாரு போகச் சொன்னா?"

அண்ணி மாற்றத்தை டாக்டரின் வெப்சைட்டுக்கு ஏற்றினாள். வெளியே மழை விட்டு, சாக்கடை ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. கொஞ்சநேரத்தில் டாக்டர் போன் செய்தார். வாரம் தெரிகிறது என்றார். நல்லாயிருக்கு என்று சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. கூடவே இன்னொன்று: முகாமுக்கு வருகிறவர்கள் நேரம் குறிக்கிற இடத்தில், இரண்டு குட்டிகளை ஒரே தடவையில் சேர்க்க வழி வேண்டும். இன்றைக்கே என்று அவசரமில்லை, நாளைக்குள் முடியுமா? அந்தச் சின்னப் பொண்ணு செய்தது அந்த இடம்.

"நானே பண்ணிருவேன் டாக்டர்" என்றாள் அண்ணி. "நாளைக்கு எதுக்கு? இப்பவே ஆரம்பிக்கறேன்."

போனை வைத்ததும் முன்பதிவு ஃபோல்டரைத் திறந்தாள். முழுக்கச் சின்னவள் எழுதிய பக்கம் அது. இந்த மேசையில் வேலைக்கு உட்கார்ந்த முதல் மாதத்தில் எழுதியது. சின்னவள் முன்னால் குனிந்து, விரலைத் திரைப்பக்கம் கொண்டுபோனாள். அண்ணியின் அடுக்கலில் எங்கே தொடவேண்டும் என்று தெரியாமல் விரல் நடுவில் நின்றது.

"கொஞ்சம் எந்திரிச்சுக்க" என்றாள் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முட்டிக்கால் இடிக்குது."

சின்னவள் எழுந்தாள். முக்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்தாள். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கொஞ்சநேரம் அண்ணியின் பின்னால் நின்று, வரிகள் ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.